சான்றிதழின் வலது கீழ் மூலை

அந்தக் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள், சார். சாப்பிடக் கேட்கவில்லை, எனக்குச் சர்க்கரை. பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ம்ம். நினைத்தேன். ‘ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் பெற்றது.’

இந்த நாட்டில் தவறான நம்பிக்கைகள் பல இருக்கின்றன. பாம்பு பால் குடிக்கும் என்கிறார்கள். அதனால் கஷ்டம் பாம்புக்குத்தான். கிரகணத்தின்போது சாப்பிடக் கூடாது என்கிறார்கள். ஒரு வேளைப் பட்டினி, வயிற்றுக்கு நல்லது. ஆனால் நன்றாக நடந்துகொண்டிருக்கும் ஒரு கம்பெனியையே சாய்க்கக்கூடிய நம்பிக்கை ஒன்று உண்டு. அது, ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் கொடுக்கிறது என்பது. கொடுப்பதில்லை, சார். ஜெனீவாவில் இருக்கிற அமைப்பு அது. தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு மிட்டாய்க்கோ ஒரு மோட்டாருக்கோ அது சான்றிதழ் கொடுத்தது கிடையாது. தரமாக வேலை நடக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று நூல் எழுதுகிறது. அதோடு சரி. பரீட்சை வைப்பதும் பாஸ் போடுவதும் வேறு ஆட்கள்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவன்தான்.

எங்கே இறங்குகிறீர்கள்? கரூரா? நானும் கரூர்தான். இன்னும் பல்லடமே வரவில்லை, நேரம் இருக்கிறது. என்ன தொழில் என்று கேட்கலாமா? ஜவுளியா? சரி. சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கிறதே என்று கேட்டேன். என் அனுபவத்தில் ஆடிட்டர்கள்தான் இரண்டு பேனா வைத்திருப்பார்கள். கணக்குப் பார்க்கிற ஆடிட்டரைச் சொல்லவில்லை, தரம் பார்க்கிற ஆடிட்டர். இல்லையா? சரி, ஜவுளி என்கிறீர்கள். நம்புகிறேன்.

என் பெயர் குற்றாலிங்கம். தென்காசிப் பக்கம், கோயம்புத்தூருக்கு வந்து முப்பத்தோரு வருஷம். ஒரு பம்புக் கம்பெனியில் வேலை. கம்பெனி பெயர் வேண்டாம். நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது, பஸ்ஸில் பெயர் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். பதவி எம்.ஆர். தரம் சம்பந்தமாக நிர்வாகத்தின் பிரதிநிதி என்று அர்த்தம். நூலின் புதிய பதிப்பில் அந்தப் பதவி கட்டாயம் இல்லை என்று எடுத்துவிட்டார்கள். ஜெனீவாவில் எடுத்திருக்கலாம். எங்கள் கம்பெனியில் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பதை அந்தப் பதிப்பு வந்தபோதே நான் எழுத்தில் வாங்கி வைத்துவிட்டேன்.

இப்போது என்னை வாரத்தில் நாலு நாள் வெளியே அனுப்புகிறார்கள். வார்ப்படம் போடுகிறவர்கள், ரப்பர் வாஷர் செய்கிறவர்கள், அட்டைப்பெட்டி செய்கிறவர்கள், எல்லாரையும் நேரில் போய்ப் பார்த்து மதிப்பிட வேண்டும். முந்தி இந்த வேலையே கிடையாது. எம்.டி. எனக்காகவே உருவாக்கினார். அவ்வளவு நம்பிக்கை.

எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

ஒன்பது வருஷத்துக்கு முந்தி எங்களுக்குச் சான்றிதழ் வேண்டியிருந்தது. யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்ய என்னைச் சொன்னார்கள். நான் நாலு நிறுவனங்களை வரச்சொல்லி விசாரித்தேன். நன்றாக விசாரித்தேன், சார். எதையும் சும்மா நம்புகிறவன் இல்லை நான். முதல் ஆள், மூன்று மாசம் ஆகும், இரண்டு கட்டமாகப் பார்ப்போம் என்றார். மூன்று மாசம் என்ன செய்வார்கள்? எனக்குச் சந்தேகம். இரண்டாவது ஆள், நீங்கள் தோற்றுப் போகவும் வாய்ப்பு உண்டு என்றார். வீட்டு வாசலில் நின்றுகொண்டு இப்படியா பேசுவது? மூன்றாவது ஆள் எங்கள் ஆவண அறையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நாலாவது ராம்நகர்க்காரர்கள். பெயரில் ‘இன்டர்நேஷனல்’ உண்டு. ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றார்கள். அதற்காக நான் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு நியாயமான கேள்வி கேட்டேன்: சான்றிதழில் எம்.ஆர். பெயர் அச்சாகுமா? மற்ற மூன்று பேரும், கம்பெனி பெயர்தான் வரும், ஆள் பெயர் வராது என்றார்கள். ராம்நகர்க்காரர், “தாராளமா போடலாம் சார், இனிஷியல் முன்னாடியா பின்னாடியா?” என்று கேட்டார். பொறுப்பை யார் ஏற்கிறார் என்று தெளிவாக எழுதத் தயாராக இருக்கிற நிறுவனம். அதைத்தான் நான் பார்த்தேன்.

ஒரு நாள் வந்தார்கள். பதினொரு மணிக்கு வந்து, பார்த்து, சாப்பிட்டு, கை குலுக்கிவிட்டுப் போனார்கள். எட்டாம் நாள் சான்றிதழ் வந்தது. தங்க நிற ஓரம். நடுவில் பூகோள உருண்டை. எஸ். குற்றாலிங்கம், எம்.ஆர். வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினோம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுசு வரும், பழசை எடுத்துவிட்டு அதே சட்டத்தில் மாட்டுவோம். மூன்று சான்றிதழ், ஒன்பது வருஷம்.

எங்கள் எம்.டி. வெங்கிடபதி. சொந்தமாக லேத்து ஓட்டி மேலே வந்தவர். ஆயுத பூசையன்று அவருக்கு ஒரு உத்தரவு உண்டு: “நமக்குச் சோறு போடற எல்லாத்துக்கும் பொட்டு வைக்கோணும்.” லேத்துக்கு, டிரில்லிங் மெஷினுக்கு, லாரிக்கு, கம்ப்யூட்டருக்கு, தொலைபேசிக்கு. சான்றிதழுக்கும். கேன்டீனில் இருக்கிற ஆறுச்சாமிதான் வைப்பார். சந்தனத்தைக் கெட்டியாக அப்பி நடுவில் குங்குமம். சட்டத்தின் கண்ணாடியில் வலது கீழ் மூலையில் வைப்பார். ஏன் அங்கே? மேலே வைத்தால் கம்பெனி பெயர் மறையும். இடது பக்கம் வைத்தால் என் பெயர் மறையும். அந்த இடம்தான் காலியாக இருந்தது. நானே காட்டிக் கொடுத்த இடம். பூசைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும். அது உதிர்வதற்குள் அடுத்த பூசை வந்துவிடும். அதன் மேலேயே அடுத்த பொட்டு. ஒன்பது வருஷத்தில் அது ஒரு பணியாரம் அளவுக்கு ஆகியிருந்தது.

இதில் என்ன தவறு என்று நீங்கள் கேட்கலாம். தவறே இல்லை. பின்னால் தேவைப்படும், ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: டெண்டருக்கு, வாடிக்கையாளருக்கு எல்லாம் சான்றிதழ் நகல் அனுப்ப வேண்டும் அல்லவா? அசல் சட்டத்துக்குள் இருக்கிறது. சட்டத்தின் பின்பக்கம் ஆணி அடித்து மூடியிருக்கிறது. அதனால் சட்டத்தோடு கழற்றி ஜெராக்ஸ் மெஷினில் கவிழ்த்து நகல் எடுப்போம். நகலில் வலது கீழ் மூலையில் வட்டமாக, கறுப்பாக ஒரு புள்ளி விழும்.

அந்தப் புள்ளியை எல்லாரும் முத்திரை என்று எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் சொல்லவில்லை. அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள்.

நாலு வருஷத்துக்கு முந்தி தரப் பரிசோதனைப் பிரிவில் ஒரு பெண் சேர்ந்தது. மெஹருன்னிசா. கரும்புக்கடைப் பக்கம் வீடு. வந்த முதல் நாளே எனக்குச் சந்தேகம். வேலைக்குச் சேர்கிறவர்கள் முதல் நாள் என்ன கேட்பார்கள்? சாப்பாடு எத்தனை மணிக்கு, பஸ் எங்கே நிற்கும், இதுதானே? இந்தப் பெண் அளவெடுக்கிற மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்து, “இதைக் கடைசியா யார் சரிபார்த்தாங்க சார்?” என்று கேட்டது.

இரண்டாவது மாசம் என் மேசைக்கு வந்து நின்றது.

“சார், வரவேற்பறைல இருக்கற சர்டிஃபிகேட்ல அக்ரெடிடேஷன் முத்திரை எங்க சார் இருக்கு?”

“பொட்டுக்கு அடியில இருக்கும்மா.”

“பார்த்திருக்கீங்களா சார்?”

“பொட்டு இருக்கும்போது எப்படிம்மா பார்க்கிறது?”

“பொட்டுக்கு முன்னாடி?”

கேட்டீர்களா கேள்வியை? அதற்கு மேல் ஒன்று: “பைல்ல காப்பி இருக்குமே சார். அதுல பொட்டு இருக்காதே.” பைலை எடுத்துக் காட்டினேன். கறுப்புப் புள்ளி. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது. பிறகு, “சார், துணியில கொஞ்சம் தண்ணி தொட்டு அந்தப் பொட்டைத் துடைச்சுப் பார்க்கலாமா?” என்றது.

இந்தப் பெண் எதற்காக நம் பூசைப் பொட்டைத் துடைக்க வேண்டும் என்கிறது? நான் வாயைத் திறந்து அப்படிக் கேட்கவில்லை. கேட்கிறவன் இல்லை நான். ஆனால் மனசில் குறித்து வைத்தேன். “நீ உன் வேலையைப் பாரம்மா” என்று மட்டும் சொன்னேன்.

அது போய் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தது. உள்தணிக்கைக் குறிப்பு என்று எங்களிடம் ஒரு படிவம் உண்டு. யார் எந்தக் குறையைக் கண்டாலும் எழுதலாம். அதை ஒருவர் ஆராய்ந்து கையெழுத்துப் போட வேண்டும், இன்னொருவர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டு மூட வேண்டும். அந்தப் படிவத்தை வடிவமைத்தவனே நான்தான். அதில் மெஹருன்னிசா எழுதியிருந்தது: ‘சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருப்பதற்கான முத்திரை தெரியவில்லை. சரிபார்க்கவும்.’ நான் ஆராய்ந்தேன். ‘சரிபார்க்கப்பட்டது, ஏற்கத்தக்கது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒப்புக்கொள்ள வேண்டியவர் அன்றைக்கு விடுப்பு. வேலை தேங்கக் கூடாது என்று அதிலும் நானே போட்டேன். ஒரே நாளில் ஒரு குறிப்பைத் திறந்து மூடுவது சாதாரண விஷயம் இல்லை, சார். மூன்று மாசம் இழுக்கிற கம்பெனிகள் இருக்கின்றன.

பல்லடம் வந்துவிட்டது. டீ வேண்டுமா? வேண்டாமா? நானும் வெளியில் குடிப்பதில்லை.

இந்த வருஷ ஆரம்பத்தில் ஒரு பெரிய டெண்டர். பக்கத்து மாநிலத்துக் குடிநீர்த் துறை. நீர்மூழ்கி மோட்டார் இரண்டாயிரத்து நானூறு. எம்.டி. அதை நம்பி இரண்டாவது ஷெட்டுக்குக் கூரையே போட்டுவிட்டார். எல்லாம் சரியாகப் போனது. ஒரு நாள் அங்கிருந்து ஒரு அதிகாரி போன் பண்ணினார். சான்றிதழ் நகலில் முத்திரை தெளிவாக இல்லை, கறுப்பாக இருக்கிறது, அங்கீகாரம் பெற்ற நிறுவனம்தானா, இருபத்தோரு நாளைக்குள் அசலைக் காட்டுங்கள் என்றார்.

எம்.டி. என்னைக் கூப்பிட்டார். அவரே சட்டத்தைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். ஆறுச்சாமி ஒரு கிண்ணத்தில் வெந்நீரோடு நின்றார். “சாமி குத்தம் ஆயிருமுங்களா?” என்று ஆறுச்சாமி கேட்டார். “டெண்டர் போனா அதவிடக் குத்தமுங்க, தேய்யுங்க” என்றார் எம்.டி. தேய்த்தார்கள். ஒன்பது வருஷச் சந்தனம், ஒரு சில்லாகப் பெயர்ந்து வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம். வேறு ஒன்றும் இல்லை.

“என்னங்க குத்தாலிங்கம், ஒண்ணுமில்லீங்களே?”

“யாராவது எடுத்திருக்கலாம் சார்” என்றேன்.

“கண்ணாடிக்கு உள்ள இருந்துங்களா?”

அந்தக் கோணத்திலும் நான் யோசித்தேன். அவர் யோசிக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானமே ராம்நகர் போனேன். ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அவர்கள் அலுவலகம். ஒரே அறை, இரண்டு மேசை. தாமோதரன் என்று ஒருவர், பட்டை பட்டையாக விபூதி, நல்ல மரியாதை. “சார், உக்காருங்க. நீங்க கேக்கறது அக்ரெடிடேஷன். நாங்க கொடுத்தது சர்டிஃபிகேஷன். ரெண்டும் வேற வேற சார். நீங்க அன்னிக்கு அதைக் கேக்கவே இல்லையே.”

வேறு வேறு என்பது உண்மைதான். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், ஜவுளியிலும் பயன்படும். மளிகைக் கடையில் தராசு இருக்கிறது. கடைக்காரர் பருப்பை நிறுத்து, ஒரு கிலோ சரி என்கிறார். அது சர்டிஃபிகேஷன். அந்தத் தராசு சரியா என்று முத்திரை ஆய்வாளர் வந்து பார்த்து, தராசில் முத்திரை குத்துகிறாரே, அது அக்ரெடிடேஷன். நம்மை நிறுக்கிறவனை இன்னொருவன் சோதித்து, இவனுக்கு நிறுக்கத் தெரியும் என்று சொல்வது. நம் நாட்டில் அப்படிச் சோதிப்பதற்கு டெல்லியில் ஒரு வாரியம் இருக்கிறது. முத்திரை குத்தாத தராசிலும் பருப்பை நிறுக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் வாங்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

சரி, அந்த அங்கீகாரம் இப்போது எப்படி வாங்குவது என்று கேட்டேன். தாமோதரன், “அதுவும் நம்மகிட்டயே இருக்கு சார்” என்று எழுந்தார். நாலடி நடந்து இன்னொரு மேசைக்குப் போய் உட்கார்ந்தார். அந்த மேசையில் வேறு பெயர்ப் பலகை, அதில் ‘வேர்ல்டு’ என்று இருந்தது. “இப்ப சொல்லுங்க சார், என்ன வேணும்?” என்றார்.

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. சந்தேகப்படாமல் இருக்க நான் என்ன குழந்தையா? இரண்டு பெயர்ப் பலகையையும் உற்றுப் பார்த்தேன். ஒன்று நீலம், ஒன்று பச்சை. இரண்டு ரப்பர் ஸ்டாம்பும் வேறு வேறு. கையெழுத்துகூட முதல் மேசையில் சாய்வாகப் போட்டவர், இரண்டாவது மேசையில் நேராகப் போட்டார். இரண்டையும் கலக்காமல் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள் என்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் காகிதத்தை வாங்கினேன்.

வந்து எம்.டி. மேசையில் வைத்தேன். அவருக்கு முகம் மலர்ந்தது. மெஹருன்னிசாவும் அங்கே ஏதோ ரிப்போர்ட்டோடு நின்றது. “அந்தப் புள்ளையும் ஒருக்கா பார்க்கட்டுமுங்க” என்றார். அது காகிதத்தைப் படித்தது, பிறகு செல்போனைத் தடவியது.

“சார், டெல்லி வாரியம் அங்கீகாரம் கொடுத்தவங்க பட்டியல் இணையத்துல இருக்கு. இந்தப் பேரு அதுல இல்ல. இந்த ‘வேர்ல்டு’வும் எந்தப் பட்டியல்லயும் இல்ல.”

“அந்தப் பட்டியலை யாரும்மா சரிபார்த்தது?” என்று கேட்டேன்.

ஒரு நல்ல கேள்வி கேட்டால் உட்கார்ந்திருக்கிறவர்கூட எழுந்துவிடுவார், சார்.

எம்.டி. எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெளியே புதுக் கூரை வெயிலில் பளபளத்தது. திரும்பாமலே சொன்னார்: “இதுக்கு ஆரு பொறுப்புன்னு எனக்கு எழுத்துல வேணுமுங்க. அந்த ஆள் இந்தக் கம்பெனியில இருக்கக் கூடாது.”

இதைத் தேடிக் கண்டுபிடிக்க எங்கள் தரத் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. ‘ஐந்து ஏன்’ என்போம். ஒரு தவறு நடந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். வருகிற பதிலுக்கு மறுபடி ஏன். இப்படி ஐந்து தடவை கேட்டால் வேர் கிடைத்துவிடும். இரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன். பாரபட்சம் இல்லாமல் செய்தேன். டெண்டர் ஏன் நின்றது? முத்திரை இல்லை. முத்திரை இல்லாதது ஏன் முன்பே தெரியவில்லை? பொட்டு மறைத்தது. பொட்டை ஏன் யாரும் எடுக்கவில்லை? யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஒருவருக்குத் தவிர. அந்த ஒருவருக்குச் சந்தேகம் வந்தும் ஏன் தொடரவில்லை? ஒரே ஒரு படிவம் எழுதிவிட்டுச் சும்மா இருந்தார். ஏன் சும்மா இருந்தார்? பொறுப்பின்மை. ஆக, வேர்: மெஹருன்னிசா.

என்னாலேயே நம்ப முடியவில்லை. ஆனால் முறை அப்படிக் காட்டுகிறது, நான் என்ன செய்ய?

அந்த மாசம்தான் அதற்கு வேலை நிரந்தரம் ஆகவேண்டிய மாசம். நாலு வருஷம் ஒப்பந்தத்தில் ஓட்டிய பெண். நிரந்தரம் ஆவதற்குப் பதிலாக நோட்டீஸ் போனது. மூன்று நாளைக்குள் விளக்கம் கொடு, இல்லாவிட்டால் விடுவிக்கப்படுவாய். கோயம்புத்தூர் பம்புக் கம்பெனிகளில் மேனேஜர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் போன் பண்ணிக்கொள்கிறவர்கள். ஒரு இடத்தில் தரப் பிரிவிலிருந்து நீக்கினால் இன்னொரு இடத்தில் பேட்டிக்கே கூப்பிடமாட்டார்கள். அது அந்தப் பெண்ணுக்கும் தெரியும். நோட்டீசை வாங்கி இரண்டு தடவை படித்தது. குற்றம் செய்யாதவர்கள் எதற்கு இரண்டு தடவை படிக்க வேண்டும்? அதையும் குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் விசாரணை. எம்.டி., நான், அந்தப் பெண், மூன்றே பேர். அது பையைத் திறந்தது. ஒரு காகிதத்தை எடுத்து வைத்தது. நாலு வருஷத்துக்கு முந்திய அந்தப் படிவம். நகல் எடுத்து வீட்டில் வைத்திருக்கிறது!

இந்த இடத்தில்தான் நான் மெதுவாக, அமைதியாக, ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினேன். எங்கள் கம்பெனியில் எந்த ஆவணத்தின் நகலிலும் சிவப்பு முத்திரை இருக்க வேண்டும். ‘கட்டுப்படுத்தப்பட்ட நகல்’ என்று. அது இல்லாத நகல் செல்லாது. அந்த விதியை எழுதியதும் நான்தான். “சார், இதில் சிவப்பு முத்திரை இல்லை. ஆகவே இந்தக் காகிதம் இருப்பதாகவே நாம் எடுத்துக்கொள்ள முடியாது” என்றேன்.

அந்தப் பெண் அப்போதுதான் வாயைத் திறந்தது. “முத்திரை இல்லைன்னா செல்லாதுன்னு உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கே சார்.”

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எம்.டி.க்கு விளங்கியது போல. இருமினார்.

பிறகு என் ‘ஐந்து ஏன்’ அறிக்கையையும் அந்தப் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். லேத்து ஓட்டினவர் அல்லவா, எதையும் விரலால் தடவித்தான் பார்ப்பார். என் இரண்டு கையெழுத்தையும் தடவிப் பார்த்தார்.

“குத்தாலிங்கம், ஆறாவதா ஒரு ஏன் கேக்கலாமுங்களா?”

“ஐந்துதான் சார் வழக்கம்.”

“பரவால்லீங்க. இதுல ரெண்டு கட்டம் இருக்குதுங்களே. ரெண்டுலயும் ஏன் ஒரே ஆள் கையெழுத்துங்க?”

“நேரம் மிச்சம் சார். ஒன்பது வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். இதுவரை ஒரு கையெழுத்துகூட இன்னொன்றோடு முரண்பட்டதில்லை” என்றேன். எம்.டி. என்னை ஏற இறங்கப் பார்த்தார். மனசுக்குள் என்னை எடைபோடுகிறார் என்று புரிந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்து, “நீ போய் வேலையைப் பாரு கண்ணு” என்றார். நோட்டீசை எடுத்து நாலாகக் கிழித்தார். எண் போட்ட ஆவணம், சார் அது. கிழிப்பதற்கென்று தனிப் பதிவேடு இருக்கிறது.

டெண்டர் போய்விட்டது. ராம்நகர்க் காகிதத்தை அனுப்பியாவது பார்க்கலாம் என்று நான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. அங்கீகாரம் உள்ள ஒரு நிறுவனத்தை மெஹருன்னிசாவே பட்டியலில் பார்த்துக் கூப்பிட்டது. அவர்கள் இரண்டு கட்டமாகப் பார்ப்போம் என்றார்கள், மூன்று மாசம் ஆகும் என்றார்கள், தோற்கவும் வாய்ப்பு உண்டு என்றார்கள். எனக்கு எல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

தணிக்கைக்கு ஞானசுந்தரி என்று ஒரு அம்மா வந்தார், சென்னையிலிருந்து. பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. கைப்பையில் இரண்டு பேனா. தண்ணீர்கூட சொந்தமாகக் கொண்டுவந்தார். மத்தியானம் கேன்டீனில் பிரியாணி, அவர் டப்பாவில் தயிர் சாதம். சால்வை போர்த்தப் போனால், “வேண்டாங்க” என்று ஒதுங்கினார். சால்வையை வாங்காத ஆள் வேறு எதையோ எதிர்பார்க்கிறார் என்றுதானே அர்த்தம்? மூன்று நாள் கவனித்தேன். எதையும் வாங்கவில்லை. அவ்வளவு ஜாக்கிரதையானவர்.

போகும் முன் அவரிடமே கேட்டேன். “அம்மா, நீங்கள் எங்களைச் சோதிக்கிறீர்கள். டெல்லி உங்களைச் சோதிக்கிறது. டெல்லியை யார் சோதிப்பது?”

“மத்த நாட்டு வாரியங்கள்லேர்ந்து ஆளுங்க வந்து பார்ப்பாங்க சார். நம்மாளுங்க அவங்களைப் போய்ப் பார்ப்பாங்க.”

அதாவது, என்னை நீ பார், உன்னை நான் பார்க்கிறேன். உலகம் முழுக்க இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது, சார். நான் ஒருவனே இரண்டு கையெழுத்தும் போட்டால் மட்டும் தப்பாம்.

அந்த அம்மா என்னையும் ஒரு கேள்வி கேட்டார். “எம்.ஆர். செய்யற வேலையை இங்க யார் சார் சரிபார்க்கறாங்க?” நான் நேர்மையாகப் பதில் சொன்னேன்: நான்தான். அவர் அதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டார். அறிக்கையில் மொத்தம் பதினொரு குறைகள். அதில் ஒன்பது என் பிரிவில். மூன்று நாளில் இரண்டு நாளை என் அறையிலேயே செலவழித்தார் என்றால் பாருங்கள், கம்பெனியில் எது முக்கியமான இடம் என்று வெளியூர்க்காரருக்கே தெரிந்திருக்கிறது.

குறைகளைச் சரிசெய்ய மெஹருன்னிசாவைப் போட்டார்கள். நிரந்தரம் பண்ணி, என் அறையில் மேசை போட்டுக் கொடுத்தார்கள். எம்.ஆர். என்று யாரையும் இப்போது கூப்பிடுவதில்லை. ஆனால் பதவியை நீக்கியதாக எனக்கு எழுத்தில் எதுவும் வரவில்லை, ஆகவே இருக்கிறது. நாலாம் மாசம் சான்றிதழ் வந்தது. வலது கீழ் மூலையில் முத்திரை. நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முத்திரைதான். யார் பெயரும் இல்லை. யாருக்கும் பொறுப்பு இல்லாத ஒரு காகிதத்தை எப்படி நம்புவது என்று எம்.டி.யிடம் கேட்டேன்.

மறுநாள்தான் இந்த வெளியூர் வேலையைக் கொடுத்தார். “உங்களை மாதிரி சந்தேகப்படற ஆள் வெளியிலதானுங்க வேணும்” என்றார். அவர் வாயாலேயே சொன்னது.

வெள்ளகோவில் தாண்டிவிட்டோமா? சரி. இன்றைக்குக் கரூரில் ஒரு வலைக் கம்பெனி. பம்பின் வாயில் கட்டுகிற வடிகட்டி வலை. போன தடவை போனபோது சான்றிதழைக் காட்டினார்கள். முத்திரை இருந்தது. அதனால்தான் மறுபடி போகிறேன்.

நீங்கள் அந்த இரண்டாவது பேனாவை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கடைசிவரை சொல்லவில்லை.

வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, நான் கம்பெனிக்குப் போய் அறிக்கை கொடுக்க வேண்டும். போன வெள்ளி போனபோது கேட்டில் புதுக் காவலாளி. பெயர் கேட்டார், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார், மெஹருன்னிசா மேடத்துக்குப் போன் போட்டு, அனுப்பலாமா என்று விசாரித்தார். பிறகு ‘விருந்தினர் – 7’ என்று எழுதிய அட்டையைக் கொடுத்தார். கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். வெளியே வரும்போது அட்டையைத் திருப்பிக் கொடுத்து, பதிவேட்டில் நேரம் எழுதி, ஒரு கையெழுத்துப் போட்டேன்.